ஜன்னலுக்கு வயது என்ன?

பழைய பொருள் ஒன்றில் ஒரு பாகம் கெட்டுப்போனால், அதைப் போலவே இன்னொன்றைச் செய்து அந்த இடத்தில் வைக்கிறோம். அது ரிப்பேரா, பொய்யா? இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் கோயில் கோபுரங்களைப் பற்றியும் புகழ்பெற்ற ஓவியங்களைப் பற்றியும் கேட்டு வந்திருக்கிறார்கள். நான் அதைத் தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு ஜன்னலைப் பற்றிக் கேட்கப் போகிறேன். பெரிய விஷயங்களில் பக்தி, பெருமை, சர்க்கார் பணம் என்று பல சங்கதிகள் குறுக்கே வந்து நின்றுவிடுகின்றன. சின்ன விஷயத்தில் நியாயம் மட்டும் தனியாக நிற்கும். அதன் முகம் நமக்கு நன்றாகத் தெரியும்.

நான் சொல்வது கிறிஸ்துமஸ் பொம்மை வீட்டின் ஜன்னலை. நவராத்திரியில் கொலுப் படிக்குக் கீழே ஊர், குளம், பூங்கா என்று பரப்பி வைக்கிறோம் அல்லவா? அதைப் போலவே மொராவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், இயேசு பிறந்த தொழுவத்தைச் சுற்றி மலையும் மரமும் வீடுமாக ஒரு குட்டி உலகத்தை அமைப்பார்கள். 1741-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவர்கள் ஓர் ஊரை நிறுவி, அதற்குப் பெத்லகேம் என்றே பெயரிட்டார்கள். நமக்கும் அவர்கள் முற்றிலும் அந்நியர்கள் அல்லர். 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பக்கத்தில் தோட்டம் அமைத்துக் குடியேறி, 1803 வரையில் இருந்துவிட்டுப் போனவர்கள்தாம்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் மற்றவர்களிடமும் பரவியதும் வியாபாரம் கண் விழித்தது. 1920-களின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரையில் ஜப்பானிலிருந்து அட்டை வீடுகள் அங்கே ஏராளமாகப் போயின. கூரைமேல் பனிக்குப் பதிலாக அபிரகப் பொடி மினுங்கும். வாசலில் ஒரு வேலி. பக்கத்தில் பீர்க்க நாரைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துச் செய்த மரம். பின்சுவரில் ஒரு துவாரம். அதில் சின்ன மின்விளக்கைச் செருகினால் ஜன்னல்கள் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும். மலிவுச் சரக்குதான். கிறிஸ்துமஸ் கொண்டாடாத பெயர் தெரியாத கைகள், யாரோ கொண்டாடுவதற்காகச் செய்தவை.

அந்த வீட்டில் முதலில் கெடுவது ஜன்னல்தான். சிலவற்றில் அது கண்ணாடிக் காகிதம். சிலவற்றில் குறுக்குக் கம்பிகளை அச்சிட்ட மெல்லிய தாள். கண்ணாடிக் காகிதம் பார்வைக்குத்தான் கண்ணாடி. பிறப்பால் அது மரக்கூழ். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும், வயதானால் நொறுங்கும். விளக்கின் சூடு வேறு. நம் சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புது ஜன்னல் போடுவது பொறுமையான வேலை. வீட்டின் அடி அட்டையைக் கிழியாமல் பிரிக்க வேண்டும். திறப்பை அளந்து, அதைவிடச் சற்றே பெரிதாகத் தாளை நறுக்கி, மிச்சம் இருக்கும் பழைய துண்டைப் பார்த்து அதே கோடுகளை இழுத்து, உட்புறத்திலிருந்து ஓரங்களில் மட்டும் பசை தடவி ஒட்ட வேண்டும். பழைய துண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால், அதே அச்சில் வந்த வேறொரு வீட்டைத் தேடிப் பார்க்க வேண்டும்.

குமணன்சாவடியில் மெட்ரோ ரயில் தூண்கள் நிற்கும் பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் இந்த வீடுகள் ஐந்து உண்டு. அவருடைய பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; ஒரு கப்பல்காரர் கொடுத்தது என்பது குடும்பத்துப் பேச்சு. வருஷந்தோறும் குடிலுக்குப் பக்கத்தில் அவை வரிசையாக நிற்கும். ஜன்னல்கள் உதிர்ந்துபோனதும் டீச்சரம்மாவே தாள் வாங்கி, கோடு கிழித்து, புதிதாக ஒட்டி வைத்தார். அதுவரை எந்தத் தர்ம சங்கடமும் இல்லை.

பேத்தி கல்லூரியில் சேர்ந்த வருஷம் பணமுடை வந்தது. உறவுக்காரர் ஒருவர் மூலம், அமெரிக்காவில் இத்தகைய வீடுகளைச் சேர்க்கும் ஒருவர் இரண்டு வீடுகளை விலைக்குக் கேட்டார். ஜன்னல் அசலாக இருந்தால் ஒரு விலை, மாற்றியதாக இருந்தால் கிட்டத்தட்ட அதில் பாதி.

டீச்சரம்மாவின் மகன் கெட்டவர் அல்லர். மகளின் படிப்புக்காக ராத்திரி ஷிப்டும் பார்க்கிறவர். அவர் என்னிடம் சொன்னார்: "புதுத் தாளை டீத்தண்ணியிலே கொஞ்ச நேரம் ஊறப்போட்டு நிழல்லே காய வெச்சா, தொண்ணூறு வயசு தானா வந்துடும் சார். இதிலே யாருக்கு என்ன நஷ்டம்?"

"பழசான்னு கேட்டா என்னடா சொல்லுவே?" என்றார் டீச்சரம்மா.

"கேட்கவே மாட்டாங்கம்மா. பார்த்தாலே பழசுன்னு தெரியுமே!"

அந்தப் பதிலில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. வாயால் பொய் சொல்ல வேண்டியதில்லை; நமக்காகத் தாள் சொல்லிவிடும்.

அவர் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. கொலுப் பொம்மைக்கு வர்ணம் போனால் மறுபடி தீட்டுகிறோம். கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்கிறோம். யாரும் அதை மோசடி என்பதில்லை. ஜப்பானில் ஈசே என்ற இடத்துக் கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை, பக்கத்து மனையில், அதே அளவில், புது மரத்தால் கட்டுகிறார்கள். கடைசியாக அப்படிக் கட்டியது 2013-இல். அதைப் போலிக் கோயில் என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈசேயில் புது மரத்துக்கு யாரும் கரி பூசிப் பழசாக்குவதில்லை. கும்பாபிஷேகத்தன்று கோபுரம் புது வர்ணத்தில் பளிச்சென்று நிற்கிறது. நாம் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். மறுபடி வர்ணம் தீட்டிய தசாவதார செட்டைக் கொண்டுவந்து வைக்கிறவர், "போன வாரம்தான் தீட்டினேன்" என்று பெருமையாகச் சொல்கிறார். முன்னோர் செய்த அளவும் வடிவமும் திரும்பி வருகின்றன. வயது மட்டும் அந்தந்தப் பொருளுக்கு உள்ளதுதான்.

என் மனசில் பிரிவு இங்கேதான் விழுகிறது. ஒரு பொருளில் இரண்டு பேருடைய வேலை இருக்கிறது. ஒன்று, செய்தவனுடையது, மற்றொன்று, காலத்தினுடையது. செய்தவனுடைய வேலையைப் பார்த்து நாமும் செய்யலாம். அது அவனுக்குச் செய்யும் மரியாதை. தொழில் என்பதே அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. காலத்தின் வேலையை நாம் செய்யக் கூடாது. அந்த மஞ்சள் நிறம் தொண்ணூறு டிசம்பர்களின் சாட்சியம். அந்த டிசம்பர்களில் இல்லாத ஒரு தாளைக் கூண்டில் ஏற்றி, "நான் இருந்தேன்" என்று சொல்ல வைப்பதற்குப் பொய்ச்சாட்சி என்றுதான் பெயர்.

1964-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் கூடிய நிபுணர்கள் பழைய கட்டடங்களைக் காப்பதற்கு வகுத்த விதிகளிலும் இந்தப் பொருள் வருகிறது. போன பாகத்துக்குப் பதிலாக வைப்பது மற்றவற்றோடு இசைந்திருக்க வேண்டும். அதே சமயம், அசல் எது, புதிது எது என்று பிரித்தறியவும் முடிய வேண்டும் என்கிறார்கள்.

'இசைந்திருக்க வேண்டும்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மங்கிய சுவரில் பளீரென்ற ஜன்னல் கண்ணை உறுத்தும். உறுத்தாதபடி கொஞ்சம் மங்கலான தாளைத் தேர்ந்தெடுக்கலாமே? தாராளமாக. அப்படியானால் டீத்தண்ணீருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நிறத்தில் வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டுவதற்குமுன் அந்தத் தாளின் உள்ஓரத்தில், பசைக்கு அப்பால், பென்சிலால் வருஷத்தை எழுத வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியாது; வீட்டைப் பிரிக்கிறவனுக்குத் தெரியும். கை தயங்காமல் எழுதினால், மங்கல் நிறம் கண்ணுக்காக. எழுதத் தயங்கினால், அது வாங்குகிறவனின் பர்சுக்காக.

டீச்சரம்மாவுக்கு என் சோதனை தேவைப்படவில்லை. அவர் அந்த இரண்டு வீடுகளையும் ஜன்னல் புதிது என்று எழுதியே அனுப்பினார். பாதி விலைதான் வந்தது. மீதிக்குத் தம் சங்கிலியை அடகு வைத்தார். மகன் சில மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய கோபத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். நியாயத்துக்கான செலவு எப்போதும் நியாயம் பேசுகிறவனின் கணக்கில் விழுவதில்லை. பல சமயம் பக்கத்தில் இருப்பவர்தான் அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்த வீடுகள் நம்மைவிட நீண்ட காலம் இருக்கக்கூடியவை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, அப்போது கெட்டுப்போயிருக்கும் ஜன்னலை மாற்ற யாரோ ஒருவர் அந்த அடி அட்டையைப் பிரிப்பார். எது ஜப்பானியக் கை ஒட்டியது, எது குமணன்சாவடிக் கை ஒட்டியது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நாமும் ஒரு காலத்தில் உட்கார்ந்து இதைப் பழுதுபார்த்தோம் என்று அவருக்குச் சொல்ல, அந்த ஓரத்தில் இருக்கும் வருஷத்தைத் தவிர நம்மிடம் வேறென்ன இருக்கிறது?