நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் அப்பாவோ அம்மாவோ தவறாமல் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை இது. பொறியியல் கல்லூரி ஆசிரியையான என் காதில் ஒவ்வொரு வருடமும் விழுகிறது. அதற்குள் இருக்கும் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன். ஆனால் கடனில் மாட்டிக்கொண்ட மாணவர்களோடு உட்கார்ந்து பேசப் பேச, இந்த வார்த்தைதான் அவர்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்துவருகிறது. வீட்டில் காசுப் பேச்சு எழுந்தால் பிள்ளையை உள்ளே போய்ப் படிக்கச் சொல்கிறோம். அதே பிள்ளை நாளைக்கு ஒரு கடனில் சிக்கினால், அதை எப்படி வீட்டில் பேசுவது என்று அவனுக்கு யாருமே சொல்லித்தந்ததில்லை.

நடுத்தரக் குடும்பத்தில் படிப்புச் செலவு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கல்விக் கடன் ஒரு பங்கு, அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு பங்கு, சீட்டை எடுத்துக் கொஞ்சம், மாமாவிடம் கைமாற்றாகக் கொஞ்சம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். இத்தனையிலும் பிள்ளையின் கையெழுத்து இருப்பது வங்கிக் கடனில் மட்டும்தான். அதைப் பற்றியாவது அவனுக்கு முழுசாகத் தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. படித்து முடித்து ஒரு வருடம் வரை கட்ட வேண்டியதில்லை என்று வங்கியில் சொன்னதை, அதுவரை வட்டியே கிடையாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு வருடப் படிப்பு. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வங்கி 1 லட்சம் கட்டுகிறது. வட்டி 10 சதவீதம், தனிவட்டி என்றே வைத்துக்கொள்வோம். தவணை தொடங்குவதற்குள் முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000 ஏறியிருக்கும். அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. வாங்கியது 4 லட்சம், அடைக்கத் தொடங்கும் நாளில் நிற்பது 5,40,000. பத்து வருடத்தில் முடிக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். இருபதாயிரம் சம்பளத்தில் சென்னைக்குப் போய், அறை வாடகையும் மெஸ் காசும் கொடுக்கிற பையனுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! முதல் வருடமே மாதம் 835 ரூபாய் கட்டி வந்தால் அந்த வருட வட்டி ஏறாது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் தொழிற்படிப்பு படித்தால், சில நிபந்தனைகளோடு, இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுக்காமலே விட்டு அதை இழந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

இது வீட்டுக்குத் தெரிந்த கடன். தெரியாத கடனின் கதை வேறு.

என் வகுப்பில் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன். ஆய்வகத்தில் அவன் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. கூப்பிட்டுக் கேட்டதில் மெல்ல மெல்லச் சொன்னான். போன் திரை உடைந்ததற்காக ஒரு செயலியில் 5,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறான். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 3,500. ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். வாரத்துக்கு 1,500 ரூபாய் வட்டி, வருடக் கணக்கில் 2,200 சதவீதத்தைத் தாண்டும். மூணு வட்டிக்காரரே தேவலை. அதை அடைக்க இன்னொரு செயலி, அதை அடைக்க வேறொன்று. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, கைக்கு வந்தது, கட்டியது, இன்னும் கேட்பது என்று எழுதவைத்தேன். வந்தது 21,000. கட்டியது 26,000. இன்னும் 18,000 கேட்கிறார்கள். வாங்கியதைவிட அதிகமாகவே கட்டிவிட்டோம் என்பது கூட்டிப் பார்த்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் செயலிகள் நம் போனில் உள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ தொடக் கூடாது. வங்கியோ, பதிவுபெற்ற நிதி நிறுவனமோதான் பின்னால் இருக்க வேண்டும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடவும் கூடாது. மிரட்டிப் பணம் பறித்தால் 1930 எண்ணில் புகார் செய்யலாம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டினானே தவிர முகம் தெளியவில்லை. “அம்மாவுக்கு போன் போட்டுருவாங்க மேம்” என்பதுதான் அவனுடைய ஒரே பயம்.

அவர்கள் போடுவதற்கு முன் நாம் போடுவோம் என்றேன். என் அறையிலிருந்து அவனே பேசினான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா சொன்னார்: “எனக்கும் மகளிர் குழுவுல ரெண்டு தவணை நிக்குதுப்பா. படிக்கிற புள்ள மனசு கலங்கிடும்னு உங்கிட்ட சொல்லல.” இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்து, தனித்தனியே தூக்கம் கெட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை புரியாத விஷயங்கள் இல்லை. மறுநாள் புகார் கொடுத்தார்கள். புதுக் கடன் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவுசெய்து, வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்தார்கள். விடுதிக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டுக் கிடைத்தது. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டரிங் வேலைக்குப் போனான். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் இரவு முழுக்க வண்டியில் டெலிவரி செய்துவிட்டு வகுப்பில் தூங்குவதற்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன். அதனால் விழும் அரியரை எந்தச் சம்பளமும் ஈடுகட்டாது. கேட்க ஆள் இருந்தால் இதெல்லாம் இருபது வயதில் செய்யக்கூடிய காரியங்கள்தான்.

இந்த வருடம் முதலாமாண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, 5,40,000 கணக்கைப் பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “இதையெல்லாம் பையன் முன்னாடி பேசணுமாங்க மேடம்? படிப்புல கவனம் போயிராதுங்களா?” என்று கேட்டார். கடன் அவன் பெயரில்தானே இருக்கிறது என்றேன். அவர் மகன் அவர் பக்கம் திரும்பி, நம் கடனுக்கு வட்டி எத்தனை சதவீதம் என்று விசாரித்தான். அவருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை இருவருமாக வங்கிக்குப் போய்க் கேட்பதாகச் சொன்னார்கள்.