திலகவதியார் யாரைக் கேட்டார்?

"தொண்டு செய்றவங்களுக்கு அதிகாரம் எதுக்கும்மா?"

என்னை இப்படிக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திருமழபாடி வைத்தியநாதர் கோயிலில் நந்தி திருக்கல்யாணம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சில மருந்துகளைச் செவிலியரே தம் பொறுப்பில் எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தரவேண்டும் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. அவர் குரலில் குத்தல் இல்லை. நர்ஸ் வேலை புண்ணியம், புண்ணியம் செய்கிறவர் கையெழுத்துக்கும் உரிமத்துக்கும் ஆசைப்படலாமா என்பது அவருடைய உண்மையான சங்கடம். தொண்டு என்றால் அவருக்கு மனம் கரையும். எனக்கும் கரையும். அதனாலேயே இதற்கு முழுப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். பணிக்காலமெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழிந்தது. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்ததையும், அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, மறு வருடமே திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி தனி மாவட்டமானதையும் சீருடையோடுதான் பார்த்தேன். மாவட்டத்தின் பெயர் மாறியதே தவிர, இருட்டிய பிறகு வாசலுக்கு வருகிறவர்கள் மாறவில்லை. மக்காச்சோளக் காட்டில் பாம்பு கடித்தவர், முந்திரிக் கொட்டை உடைத்து எண்ணெய் பட்டுக் கை வெந்த பெண், சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டவர், பனிக்குடம் உடைந்த தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி. "நர்சம்மா, நீங்களே பாருங்க" என்றுதான் கதவைத் தட்டுவார்கள்.

ஆசிரியருக்குப் பெரியபுராணம் மனப்பாடம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சமண மடத்தில் தருமசேனர் என்று பெயர் பெற்றிருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் வருகிறது. மந்திரித்த நீர் கொடுக்கிறார்கள், மயிற்பீலியால் தடவுகிறார்கள், வலி அடங்கவில்லை. (சமணரைக் குறை சொல்ல இந்தக் கதையை எடுக்கவில்லை. எந்த மடத்திலும், எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் தோற்கும் நாள் உண்டு.) திருவதிகையில் இருக்கும் அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்புகிறார். மடத்துக்கு வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிடுகிறார். தம்பி இரவோடு இரவாக அவர் காலடிக்கு வந்து விழுகிறார். அக்கா திருநீறு கொடுத்து, விடியுமுன் துடைப்பமும் சாணமும் குடமும் எடுத்துக்கொண்டு கோயில் பணிக்குக் கிளம்பும்போது தம்பியையும் உடன் அழைத்துப் போகிறார். வலி நீங்குகிறது, திருநாவுக்கரசர் பிறக்கிறார்.

இந்தக் கதையைத் தொண்டின் கதை என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். அதில் திலகவதியார் எடுக்கும் முடிவுகளை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? வரமாட்டேன் என்றது முடிவு. வந்தவரை ஏற்றுக்கொண்டது முடிவு. எதைக் கொடுப்பது, எப்போது அழைத்துப் போவது, எல்லாம் அவர் தாமே எடுத்தவை. தம்பிக்காக அவர் இறைவனிடம் வேண்டிக்கொண்டார், உத்தரவு மேலிருந்து வந்தது என்று ஆசிரியர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறைவனுக்கும் அவருக்கும் நடுவே வேறு ஒருவர் உட்கார்ந்து ஒப்புதல் தரவில்லை. அந்த அக்காவிடம் தொண்டு கற்ற தம்பிதான் பின்னாளில் பல்லவ அரசனின் ஆணைக்குப் பணிய மறுத்தார். நம் மரபில் தொண்டன் என்றால் தலைகுனிந்து நிற்பவன் என்று பொருள் வந்தது எப்போது?

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நான்கையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார் வள்ளுவர். ஆயுர்வேத ஆசான் சரகரும் இதே நான்கைத்தான் சொல்கிறார், ஆனால் மருத்துவரைத் தலைமையில் வைக்கிறார். மண்ணும் சக்கரமும் இருந்தாலும் குயவன் இல்லாமல் பானை இல்லை என்பது அவர் காட்டும் உவமை. நான் சரகரோடு சண்டை போட வரவில்லை. எட்டு வகைக் காய்ச்சலை எனக்குத் தெரியும் என்றால் டாக்டருக்கு எண்பது தெரியும். கல்வியின் அந்த இடைவெளி உண்மையானது. ஆனால் அதே சரகர், பார்த்துக்கொள்பவருக்கு வேண்டிய குணங்கள் நான்கைச் சொல்லும்போது அன்பையும் தூய்மையையும் பின்னால் வைத்து, அறிவை முன்னால் வைக்கிறார். எங்களைப் பாராட்டும் மேடைகளில் நான் கேட்டதெல்லாம் அன்பைப் பற்றித்தான். மே 12 செவிலியர் தினத்தன்று தேவதை என்பார்கள், தாய் என்பார்கள். ஒரு பெண்ணின் முகம் வீங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே ரத்த அழுத்தக் கருவியை எடுக்கும் அறிவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அன்பை மட்டும் புகழ்ந்துவிட்டு அறிவை மறைப்பது இங்கே புதிதல்ல. என் அப்பாயி மருத்துவச்சி. எங்கள் சாதிப் பெண்களுக்கு ஊர் விதித்த வேலை அது. அறுவடையில் நெல்லும், பிள்ளை பிறந்த வீட்டில் ஒரு சேலையும் கூலி. பிரசவ அறைக்குள் அப்பாயி சொன்னதுதான் சட்டம், பண்ணையார் வீட்டு அம்மாவும் அவர் சொன்னபடி மூச்சு விடுவார். தொப்புள்கொடி அறுத்து, தீட்டு கழித்த பிறகு அப்பாயி வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும். அந்த வீட்டுப் பொடிசுகளும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். ரத்தத்தையும் மலத்தையும் தொடுகிறவர் கீழே, தொடாமல் சொல்கிறவர் மேலே என்ற கணக்கு ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது. நோயைத் தொடும் கைக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை என்று இன்று யாராவது சொன்னால், அதற்குப் பின்னால் அந்தப் பழைய கணக்கும் நிற்கிறது என்பது என் துணிபு.

ஓர் இரவைச் சொல்கிறேன். ஏழாம் மாதக் கர்ப்பிணியை மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள். வலிப்பு. பேய் பிடித்தது என்று கையில் மந்திரித்த கயிறு. அழுத்தம் 170க்கு 110. மக்னீசியம் சல்ஃபேட்டை ஒரு புட்டத்தில் 5 கிராம், மறு புட்டத்தில் 5 கிராம் ஆழமாகப் போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 ஆம்புலன்ஸில் நானே ஏறி மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். தாய் பிழைத்தாள். இதை நான் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அந்த முதல் ஊசியைச் செவிலியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் போட்டுவிட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசின் பிரசவ வழிகாட்டுதலே சொல்கிறது. நிமிடத்தில் உயிர் போகக்கூடிய இடத்தில் அரசு எங்கள் அறிவை நம்புகிறது. அதே கை, மறுநாள் காலையில் மூன்று மாதமாக அழுத்தம் இறங்காத தாத்தாவுக்கு மாத்திரையின் அளவை ஒரு படி கூட்டித் தரக்கூடாது.

கூட்டாமல் இருக்கிறோமா? டாக்டர் பகலில் நாற்காலியில் இருப்பார், இரவில் போனில் இருப்பார். ஒரு மனிதர் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்க முடியாது, அவர் மேல் குறையில்லை. நாங்கள் பார்த்து, நாங்கள் முடிவுசெய்து, போனில் சொல்வோம். "சரி சிஸ்டர், குடுத்துருங்க" என்று குரல் வரும். கேஸ் ஷீட்டில் "டாக்டர் போனில் சொன்னபடி" என்று எழுதுவோம். காலையில் கையெழுத்து விழும்.

இங்கேதான் எனக்குச் சமயக் கேள்வி எழுகிறது. அந்தச் செயல் யாருடையது? மனம், வாக்கு, உடல் மூன்றாலும் வினை சேர்கிறது என்று எனக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நோயைக் கண்டது என் மனம், சொன்னது என் வாய், ஊசி போட்டது என் கை. விடிந்தபின் விழும் ஒரு கையெழுத்து அந்த வினையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளுமா? "நான் செய்தேன்" என்பது ஆணவம் என்று ஆசிரியர் சொல்வார். இறைவன் முன்னால் அது ஆணவம்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் முன்னால் நின்று "நான் ஒன்றும் செய்யவில்லை, டாக்டர் சொன்னார்" என்பதைப் பணிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. தன் பெயரில் குற்றம் சாட்டப்பட முடியாத ஒருவரை நாம் முழு மனிதராக எண்ணவில்லை என்றே அர்த்தம்.

2019இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதற்கு ஒரு கதவைத் திறந்தது. நவீன மருத்துவத்தோடு தொடர்புள்ள தகுதியானவர்களுக்குச் சமுதாய சுகாதாரச் சேவையாளர் என்று வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம். நோய்த்தடுப்பிலும் ஆரம்பநிலைச் சிகிச்சையிலும் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாமாகவே எழுதலாம், அதற்கு மேல் என்றால் மருத்துவரின் மேற்பார்வையில்தான். எண்ணிக்கை மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. போலி மருத்துவத்துக்குச் சட்டமே முத்திரை குத்துகிறது என்று இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தது. ஜூலை 31 அன்று நாடெங்கும் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டம் நிறைவேறியது. அந்த உரிமத்தோடு ஒரு செவிலியரை எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் நான் சந்தித்ததில்லை. 1947ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய செவிலியர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. தீவிர சிகிச்சைக்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு, பிரசவத்துக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி என்று படிப்புகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் கொலராடோ கிராமங்களில் வேலைபார்த்த லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியர் 1965இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து இப்படியொரு படிப்பைத் தொடங்கினார். இன்று அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அப்படிப் படித்தவர்கள் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார்கள்.

எதிர்ப்பவர்களின் ஒரு வாதம் மட்டும் என்னைத் தூங்கவிடுவதில்லை. பட்டணத்துக்கு முழு டாக்டர், குன்னத்துக்கும் ஆண்டிமடத்துக்கும் அரை டாக்டரா? ஏழையின் உயிர் மலிவா? கிராமத்துக்கென்றே மூன்றாண்டுப் படிப்பு வைத்த அசாமின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. மாநிலம் அப்படிச் சட்டம் போட முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. நீதிமன்றம் பார்த்தது அதிகார வரம்பை. எனக்கு வலிப்பது வேறு இடத்தில். கிராமத்துக்கு மட்டும் என்று எழுதப்படும் எந்தச் சட்டமும் என் அப்பாயியை மறுபடி வாசலில் நிறுத்தும், இந்த முறை நோயாளியையும் சேர்த்து நிறுத்தும். ஆகவே அடையாறிலும் வேப்பந்தட்டையிலும் ஒரே உரிமம், ஒரே தேர்வு, ஒரே மருந்துப் பட்டியல் என்றால் மட்டுமே நான் கை தூக்குவேன். அரியலூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதுபோல் பெரம்பலூருக்கும் வரவேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரவில் கதவு திறந்திருக்கும் இடத்தில் முடிவெடுக்க உரிமையுள்ளவர் இல்லாததால்தான், போலி டாக்டர் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. வீரியமான ஊசி ஒன்றைப் போட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறவருக்குப் பதிவேடும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

என் மருமகள் செந்துறைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், எம்.எல்.எச்.பி. என்கிற இடைநிலைச் சுகாதாரப் பணியாளர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயர், வீடு, மகன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்பதுவரை அவளுக்குத் தெரியும். மாத்திரை தீர்வதற்கு முன் யார் நிறுத்திவிட்டார்கள் என்பதும் தெரியும். அளவைக் கூட்டவேண்டும் என்றால் டாக்டர் போனை எடுக்கும்வரை காத்திருக்கிறாள். அவளுக்குச் சட்டம் தரவேண்டியது பெரிய சிம்மாசனம் ஒன்றும் இல்லை. அந்த மாத்திரைகளைத் தொடங்கவும் கூட்டவும் நிறுத்தவும் உரிமை, வருடத்துக்கு ஒரு தேர்வு, தன் கேஸ்களை மூத்த மருத்துவர் ஒருவர் மாதம்தோறும் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஏற்பாடு. ஓ.பி. சீட்டின் அடியில் அவள் பெயரும் பதிவு எண்ணும் இருக்கட்டும். தவறு நேர்ந்தால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, நேராக அவளிடமே வந்து கேட்கட்டும்.