எந்த ஊரில் விழுந்தது சஞ்சீவி?

ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒற்றையாக நிற்கும் சஞ்சீவி மலைக்கு ஒரு கதை உண்டு. இலக்குவனின் உயிர்காக்க அனுமன் இமயத்திலிருந்து மலையைப் பெயர்த்துக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டாம் அது. குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலைக்கும், திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்கும், இலங்கையில் காலிக்கு அருகே உள்ள ருமஸ்ஸலைக்கும் இதே கதைதான். ஒரே மலை எத்தனை ஊரில் உதிரும் என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. நிலவியலும் அவர் பக்கம்தான். இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தென்னாட்டுப் பாறைகளின் வயது அதைப்போல் பல மடங்கு. பிள்ளையிலிருந்து உடைந்த துண்டு தாத்தாவாக இருக்க வழியில்லை. ஆனால் இந்த விசாரணையில் கதை தோற்றுவிட்டதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கல் எங்கிருந்து வந்தது என்பதை நிறுவ அது சொல்லப்படவில்லை. எட்டாத இமயம் எட்டும் தூரத்திலும் இருக்கிறது என்பதே அதன் வாதம்.

இந்தச் சீமை முழுக்க அந்த வாதம் கேட்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாள் குன்றின்மேல் நிற்கிறார். அது தென் திருப்பதி, புரட்டாசி சனிக்கிழமைகளில் படியில் கால் வைக்க இடமிருக்காது. கிழக்கே சிவகாசி. தெற்கே 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய விசுவநாதர் கோயிலோடு தென்காசி. எல்லாவற்றுக்கும் மேலான சான்று ஸ்ரீவில்லிபுத்தூரின் ஒரே வீட்டில் இருக்கிறது. பெரியாழ்வார், அலக்நந்தாவும் பாகீரதியும் கூடும் இமயத்துத் தேவப்பிரயாகையை, கண்டம் என்னும் கடிநகர் என்று போற்றி ஒரு பதிகமே பாடினார். அவர் மகள் ஆண்டாளோ எதிர்த்திசையில் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும், வடபத்திரசாயி கோயிலையே நந்தகோபன் மாளிகையாகவும் பாவித்து நோன்பிருந்தாள் என்பது வைணவ மரபு. தந்தை வடக்கை நோக்கினார். மகள் வடக்கை இங்கே வரவழைத்தாள். இன்று மார்கழி விடியலில் தமிழ்நாடெங்கும் ஒலிப்பது மகளின் வழி. அவளது ஆய்ப்பாடியை நகல் என்று யாரும் தள்ளுவதில்லை.

இதெல்லாம் காசிக்குப் போக வழியில்லாதவர்களின் சமாதானம் என்பார்கள். வழிச்செலவு ஒரு காரணமாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் இதையே தத்துவமாக வைத்தார்: உள்ளுறையும் இறைவனான அந்தர்யாமி பூமிக்கடியில் உள்ள நீர், பரமபதத்து இறைவன் அண்டத்துக்கு அப்பாலுள்ள நீர், அவதாரங்கள் பெருகி ஓடிய வெள்ளம், கோயில் மூர்த்தியோ அந்த வெள்ளம் தேங்கிய மடு. தாகம் எடுத்தவனுக்கு மடுவே போதும். பெரும்பாலான மாதங்கள் ஆறுகள் மணலாகக் கிடக்கும் இந்தப் பக்கத்தில் அந்த உவமைக்கு உரை தேவையில்லை. அப்படியானால் வீட்டுப் பூசையறையே போதுமே, மலை ஏறுவானேன் என்பது இதைவிடக் கூர்மையான கேள்வி. அண்மை என்பது சௌகரியம் அல்ல என்பதே என் பதில். சதுரகிரி மலை இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் தாணிப்பாறையிலிருந்து பல மணி நேரம் பாறையும் ஓடையும் கடந்துதான் சுந்தரமகாலிங்கத்தின் சாய்ந்த திருமேனியைக் காண வேண்டும். 2015 மே அமாவாசைக்கு வந்தவர்களில் சிலர் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள்.

அண்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, பக்தர்களுக்கு அது கசக்கும். 1988இல் சாம்பல்நிற அணில்களுக்காகச் சரணாலயமானது இந்த மலைச்சரிவு. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. சாமியைப் பார்க்க வனத்துறையின் கேட்டும் நேரக் கட்டுப்பாடும் எதற்கு என்ற குமுறல் ஓயவில்லை. சித்தர்களின் மலை என்று சொல்லிக்கொண்டே பாலித்தீன் பையை ஓடையில் எறிகிற கூட்டத்துக்கு அந்தக் குமுறலில் பாதிகூட உரிமையில்லை. இமயம் அழுக்கானால் நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் போகலாம். இங்கே அதே ஓடைகள்தான் கீழே கண்மாய்க்கும், கண்மாயிலிருந்து வயலுக்கும் வருகின்றன. மலையே தெய்வம் என்பவர், கேட்டில் பையைச் சோதிக்கிற வனக்காவலரோடு சண்டை போட என்ன நியாயம் வைத்திருக்கிறார்?