முதலும் ஊதியமும்

கல்லூரியில் பொருளியல் பயிலப் புகும் மாணவன் கேட்கின்ற முதற்பாடம் இது: மனிதனின் தேவைகள் அளவற்றவை, அவற்றை நிறைவு செய்யும் சாதனங்களோ அளவுடையவை. ஆனால், காற்றையும் ஆற்றுநீரையும் 'இலவசப் பண்டங்கள்' என்றே பழைய பாடநூல்கள் குறித்துவந்தன. நெம்மேலிக் கடற்கரையிலே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லும், 15 கோடி லிட்டருக்கான மற்றோர் ஆலை 2024-லும் திறக்கப்பட்ட பின்னர் நீரை இலவசம் என்பார் யார்? விலையைக் கற்பிக்கும் ஆசிரியர், விலை கூறாது அழிந்துபோவதையும் கற்பிக்கக் கடமைப்பட்டவரா? இது பாடத்திட்டம் பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும்.

விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலி வரை சென்றால் போதும்.

செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள் பாம்பு பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் ஒரு காலத்தில் கடல் கடந்து விலைபோயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. பாம்பு பிழைத்தது, இருளர் குடிசையிலோ அடுப்பு அணைந்தது. சட்டம் நியாயமானதே. ஆயினும், தோற்பையை ஏந்தி நடந்த சீமாட்டிக்கு வேறொரு பை கிடைத்தது. வேறு தொழிலறியாத இருளனுக்கோ வேறொரு பிழைப்புக் கிடைக்கவில்லை.

1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து மண்பானைகளில் வைத்து, சில வாரங்கள் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து உருவாகின்றது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் மாண்டனர் என ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளதை நோக்கினால், இத்தொழிலின் பெருமை விளங்கும். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதிலுள்ள பொருளியல் யாது? தோலுக்காகப் பிடிக்கப்பட்ட பாம்பு ஒரே ஒருமுறை கூலி தந்தது. நஞ்சுக்காகப் பிடிக்கப்படும் பாம்போ கூலியும் தந்து, காட்டுக்கும் திரும்பி, வயலில் எலியையும் தின்கின்றது. முன்னது முதற்பொருளையே உண்டு தீர்ப்பது. பின்னது ஊதியத்தை மட்டும் உண்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் பொருளியலின் பாதியை உணர்ந்தவனாவான்.

இனி அவனைப் பாலாற்றங்கரைக்கு அழைத்துச் செல்லலாம். அங்கே அள்ளப்பட்ட மணல் நகரத்து மாடிகளாக உயர்ந்தது. மணல் விற்ற தொகை நாட்டு வருமானத்தில் சேரும். நீரைத் தேக்கிவைத்த மணல் போனதால் கிணறு வற்றிய ஊருக்கு லாரியில் வரும் நீரின் விலையும் அதே வருமானத்தில் சேரும். எந்திரத்தின் தேய்மானத்தைக் கழிக்கும் கணக்கு, ஆற்றின் தேய்மானத்தைக் கழிப்பதில்லை. நாட்டு வருமானத்தைக் கொண்டு மக்கள் நலத்தை அளந்துவிட முடியாதென, அக்கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934-இல் எச்சரித்தார்.

"பசித்தவனிடம் நாளைய தலைமுறையைப் பற்றிப் பேசலாமா?" என்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்கக்கூடும். கேட்கவும் வேண்டும். மணல் அள்ளும் கூலிக்கு, தோலுக்கு ஈடாக நஞ்சு வாய்த்ததுபோல் மாற்றுவழி எளிதில் வாய்ப்பதில்லை. எனவே, 'எடுக்காதே' என்று உபதேசிப்பதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. எடுப்பதால் பயனடைபவர் யார், தடுப்பதால் பட்டினி கிடப்பவர் யார் என்னும் இரு வினாக்களையும் ஒருசேரக் கேட்கப் பழக்குவதே கல்வி. இயற்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்போமாயின், அதனைக் காப்பதற்கான செலவை ஏழையின் தலையில் மட்டும் சுமத்துவது அமானிதத்தைப் பேணுவது ஆகாது.