மூன்று தலைமுறைக்கு ஒரு பெயர்

நெடுநாள் வாழ்ந்து, கொள்ளுப்பேரப் பிள்ளைகளையும் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு மறைந்த ஒரு குடும்பத் தாய்க்கு அவர் வழிவந்தோர் செய்யும் கடன் யாரைச் சென்றடைகிறது என்பது இந்தியச் சமயச் சிந்தனையின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. கண்ணால் காண்பதையே சான்றாகக் கொள்ளும் உலகாயதர், இங்கே படைத்த சோறு செத்தவரின் பசியைத் தீர்க்குமானால், வெளியூர் போனவருக்கும் வீட்டிலேயே இலை போட்டுவிடலாமே, அவர் எதற்குக் கட்டுச்சோறு சுமக்க வேண்டும் என்று கேட்டனர். 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகம் இக்கேள்வியைப் பதிவு செய்துள்ளது. வினைக்கேற்ப உயிர் மற்றோர் உடலை எடுக்கும் என்று நம்புவோருக்கும் சிக்கல் உண்டு: பாட்டியின் உயிர் இந்நேரம் வேறொரு வீட்டுத் தொட்டிலில் கிடக்கக்கூடும். உயிர் எப்பிறவியில் இருந்தாலும் படைத்தது அப்பிறவிக்குரிய உணவாக மாறிச் சேரும், விலங்காய்ப் பிறந்திருந்தால் புல்லாகும் என்று புராண மரபு விடை சொல்லிற்று.

இவ்விடை ஆறுதல் தருவதே. ஆயினும் கேட்டவரும் விடை சொன்னவரும் சோறு போய்ச் சேருமா என்பதிலேயே நின்றுவிட்டனர் என்று தோன்றுகிறது. சடங்கின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படும். சிராத்தம் என்னும் ஆண்டுக் கடனில் பெயர் சொல்லி அழைக்கப்படுவோர் மூன்று தலைமுறையினரே. பெண்வரிசையில் தாய், தந்தையின் தாயாகிய பிதாமகி, பாட்டனாரின் தாயாகிய பிரபிதாமகி ஆகியோர். புதிதாக ஒருவர் இறந்து, அவருக்கான பிண்டம், அதாவது சோற்றுருண்டை, முன்னோரின் பிண்டங்களோடு சேர்க்கப்படும்போது, வரிசையின் கடைசியில் இருந்தவர் பெயரற்றோர் கூட்டத்துக்குள் நகர்ந்துவிடுகிறார். அவ்வாறு நகர்ந்த முன்னோருக்குத் தனி உருண்டை இல்லை. பிண்டம் பிடித்த கையில் ஒட்டியிருக்கும் பருக்கைகளைத் தருப்பையில் துடைக்கும்போது, அந்தத் துடைப்பே அவர்களுடைய பங்கு. மறக்கப்பட்டவர்களுக்கும் கையில் ஒட்டியதையாவது ஒதுக்கிவைத்த இந்த ஏற்பாட்டின் பரிவு எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

மூன்று என்ற எல்லை ஏன்? ஒருவர் நீடு வாழ்ந்தால் தம் கண்ணால் காணக்கூடிய வழித்தோன்றல்களும் பெரும்பாலும் மூன்று தலைமுறையினரே. 1930இல் பிறந்து 90 வயது வாழ்ந்த ஒரு தாய், தம் கடைசி ஆண்டுகளில் மகன்வழிக் கொள்ளுப்பேரனைத் தூக்கிக் கொஞ்சியிருந்தால், பிரபிதாமகி என்று அவரை முறைப்படி அழைக்கும் உரிமையுடைய கடைசி மனிதன் அந்தக் குழந்தையே; அவனும் 80 வயது வாழ்ந்தால், 2095ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை அவர் பெயர் ஒலிக்கும். ஆக, அவரைப் பார்த்தவர் உயிரோடு இருக்கும்வரை பெயர், அதன்பின் கூட்டத்தில் ஓரிடம் என்பதே இச்சடங்கு வகுத்த நியாயம்.

இந்த நீண்ட கால அளவுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு எல்லையில், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய பள்ளிப்பட்டு நல்ல சான்று. அங்கே 1930இல் பிறந்த பெண் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தவர், 1953இல் ஆந்திர மாநிலத்தவர், 1956இல் ஆந்திரப் பிரதேசத்தவர், மாநில எல்லை குறித்த படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணியோடு பள்ளிப்பட்டும் மாற்றப்பட்ட 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தவர், 1969இல் தமிழ்நாட்டவர், 1997இல் திருவள்ளூர் மாவட்டத்தவர். வீட்டு வாசலைத் தாண்டாமலே இத்தனையும் நடந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்கும் அவ்வூரில், இம்மாற்றங்கள் தங்கியிருப்பது ஆவணத்தில் மட்டுமன்று, ‘அப்போது நாம் ஆந்திராவில் இருந்தோம்’ என்று சொல்லும் பாட்டிமாரின் பேச்சிலும்தான். அவர்கள் போனால் அந்தப் பேச்சும் போகிறது.

வட தமிழகத்து நாட்டார் வழக்கில், பேரன் பேத்தி எடுத்து நிறைவயதில் இறந்தவரின் சாவு ‘கல்யாணச் சாவு’ எனப்படும். மேளமும் வெடியும் பூப்பல்லக்குமாக நடக்கும் அந்த இறுதி ஊர்வலம், துக்கத்தை மறுப்பதாக வெளியாருக்குத் தோன்றலாம். உண்மையில் அது துக்கத்துக்கு உரிய இடத்தை ஒதுக்கித் தருகிறது. பேரப்பிள்ளைகள் குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திய நெய்ப்பந்தத்தைப் பிடித்தபடி உடலைச் சுற்றி வருவர். கைக்குழந்தையானால் தாய் தன் கையை அதன் கைமேல் வைத்துப் பிடிக்கச் செய்வாள். நினைவே இல்லாத வயதிலும் அப்பிள்ளை சாட்சியாக்கப்படுகிறது.

எனினும் மரபின் குறை ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதே வட்டாரங்களில் திருமணம் முதலிய நற்காரியங்களுக்கு முன், கணவன் இருக்கப் பூவும் பொட்டுமாக மறைந்த வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று வணங்குவர். புதுப்புடவையும் பூச்சுற்றிய கலசமும் வைத்துப் படைப்பர். தெலுங்கில் இத்தகையவரைப் பேரண்டாலு என்பர். நீண்ட ஆயுள் பெற்ற பெண்ணோ பெரும்பாலும் கணவனை முன்னே வழியனுப்பியவர். ஆகவே ஐம்பது ஆண்டு குடும்பத்தைத் தாங்கியவருக்கு அந்தத் தெய்வநிலை கிடைப்பதில்லை. ஆயிரம் பிறை கண்டவருக்கான சதாபிஷேகமும் தம்பதியருக்கே உரியதாக நடத்தப்படுகிறது. கைம்பெண் கண்ட பிறைகளை எவரும் எண்ணுவதில்லை. இது அநீதி. அமாவாசைப் படையலில் அவருக்குப் பிடித்த வெற்றிலைபாக்கையும் பலகாரத்தையும் இலையில் வைக்கும் வீடுகள், சாத்திரம் விட்டதை அன்பினால் ஈடுசெய்கின்றன.

இதற்கு மாற்றான ஒரு தாய்மையை திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடே தன்னகத்தே கொண்டுள்ளது. கணவன் விட்டு விலகிய புனிதவதி, மகப்பேறு இல்லாமலே சிவனால் அம்மையென அழைக்கப்பெற்று, ஆடும் திருவடிக்கீழ் இருக்கும் பேறு பெற்ற இடம் அது என்கிறது சேக்கிழாரின் பெரிய புராணம். அவரை விட்டுப் போய் வேறொருத்தியை மணந்த பரமதத்தன், தனக்குப் பிறந்த மகளுக்கு அவர் பெயரையே சூட்டினான் என்பதும் அக்கதையில் உண்டு. பேத்திக்குப் பாட்டியின் பெயரிடும் வழக்கம் இன்றும் குடும்பங்களில் வாழ்கிறது. மாமியார் பெயரை வாயால் சொல்லலாகாது என்று மருமகள் அக்குழந்தையை வேறு செல்லப்பெயரால் கூப்பிட்டாலும், பள்ளிப் பதிவேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பாட்டியின் பெயரே நிற்கும். சிராத்த வரிசை பெரிதும் மகன்வழியாக நீள, இப்பெயர் மகள் வழியாகவும், அவள் மகள் வழியாகவும் செல்லும். மூன்று தலைமுறைக் கணக்கு அதற்கு இல்லை.