வீழ்ச்சியிற் பொருள் விழைதல்

பொருளீட்டுதல் இல்லறத்தார்க்கு விலக்கன்று. ஈட்டும் நெறியே ஆராயத்தக்கது. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், துபாய் விமானக் காட்சியில் நம் நாட்டுத் தேஜஸ் போர்விமானம் வீழ்ந்து, அதனைச் செலுத்திய வீரர் உயிர்துறந்தார். 24-ஆம் நாள் சந்தை திறந்தபோது, அதனைச் செய்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பங்குவிலை இறங்கிற்று. இத்தகைய நிறுவனத்தின் பங்கு இறங்குமெனக் கருதி, அவ்விறக்கத்தின்மேற் பணம் வைத்தல் அறமாகுமோ? கோத்தகிரியில் தேயிலை விளைவிப்பாரும் கைப்பேசி கொண்டு மலைமேலிருந்தே இவ்வாணிகம் செய்யக்கூடிய இக்காலத்து, இவ்வினா எவர்க்கும் உரியதே.

பங்கை இரவலாகப் பெற்று இன்றைய விலைக்கு விற்று, விலை தாழ்ந்தபின் வாங்கித் திருப்பிக் கொடுத்து, இடைப்பட்ட வேறுபாட்டை ஊதியமாகக் கொள்ளுதல் இதன் இயல்பு. சந்தையைக் காக்கும் செபி, சில கட்டுப்பாடுகளுடன் இதனை அனுமதிக்கின்றது. எனினும் சட்டம் விலக்காதன எல்லாம் அறமாகா.

"விற்பவன் விமானத்தை வீழ்த்துவானல்லன். மிகையாக ஏறிய விலையைத் தாழ்த்துதல் உண்மையை வெளிப்படுத்துதலே. வாங்குவோன் உயர்வை விரும்புதல் குற்றமன்றாயின், விற்போன் தாழ்வை விரும்புதலும் குற்றமன்று" என்பாருமுளர். இதன்கண் உண்மை சிறிதுண்டு. குன்னூர் ஏலத்தில் விலை இறங்குமென உய்த்துணர்ந்து தன் சரக்கை முன்னரே விற்பவன் பிழைசெய்தவனல்லன். தன் கைப்பங்கிற்குக் காப்பாக இம்முறையைக் கொள்பவனும் அன்னனே.

ஆயினும் அமெரிக்கப் போயிங் நிறுவனத்தின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. 2018 அக்டோபர் 29-இல் அதன் 737 மேக்ஸ் விமானம் இந்தோனேசியக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். பழுதான ஒரே உணர்கருவியின் பொய்யளவை நம்பி, விமானத்தின் முகப்பைத் தானே கீழ்நோக்கித் தள்ளும் அமைப்பொன்று அதில் இருந்தது. அஃது உண்டென்பதும் அதுகாறும் விமானமோட்டிகட்கு அறிவிக்கப்படவில்லை. பங்குவிலையோ பின்னும் ஏறி, 2019 மார்ச் 1-இல் 440 டாலர் அளவை எட்டிற்று. மார்ச் 10-இல் எத்தியோப்பியாவில் மற்றொரு மேக்ஸ் வீழ்ந்து 157 பேர் இறந்தனர். அதன்பின்னரே அவ்வகை விமானங்கள் உலகெங்கும் நிறுத்தப்பட்டன, விலையும் சரிந்தது.

இவ்விரு விபத்துக்கும் இடையில் ஒருவன் வீழ்ச்சியின்மேற் பணம் வைத்தான் என்க. குற்றத்தை அறிந்தே வைத்தானாயின், அவன் முதற்கடன் அதனை உரத்துச் சொல்லுதல். சொல்லாது பணம் வைத்தவன் 157 உயிர்களுக்கும் பதில் கூறவேண்டியவன். அறியாது வைத்தானாயின், அது சூது. திருவள்ளுவர் சூதினைத் தனி அதிகாரம் வகுத்து விலக்கியதும், வாணிகத்தை நடுவுநிலைமையுள் வைத்து நெறிப்படுத்தியதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

அற்றேல், வெளிப்பட்ட கணக்குகளை ஆராய்ந்து விலை மிகையென்று துணிந்தவன் செய்த குற்றம் யாதெனின், செயலளவில் ஒன்றுமில்லை என்க. குற்றம் நெஞ்சினுள் முளைக்கும். விமானம் செய்வார் பங்கை விரைந்து வீழ்த்துவது விபத்தேயாகலின், வீழ்ச்சியில் ஊதியம் வைத்தவன் மனம் நாள்தோறும் அச்செய்தியை எதிர்நோக்கும். பங்கை வாங்கியவனுக்கு விமானம் நலமே இறங்குதல் ஆக்கம். இவனுக்கோ அதுவே இழப்பு. வினை காயத்தாலும் வாக்காலும் மட்டுமன்றி மனத்தாலும் ஈட்டப்படுவதென்பது சித்தாந்தத் துணிபு. உயிர்கட்கு இதம் நினைத்தல் நல்வினை; அகிதம் நினைத்தல் தீவினை. நினைப்பளவில் நின்றதாயினும் அஃது ஆகாமியமாய் ஏறுதல் தவிராது.

2021 டிசம்பர் 8-இல் குன்னூரையடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் வீழ்ந்து எரிந்தபோது, அவ்வூரார் நீரும் போர்வையும் கொண்டு ஓடினர். வீழ்ந்தாரைக் கண்டு முதலில் இரங்கும் அந்நெஞ்சே மக்கட்கு இயல்பாயது. இரக்கத்திற்கு முன்னே இலாபம் வந்து நிற்கும் நிலையை ஒருவன் பொருள் கொடுத்துத் தேடிக்கொள்வானேன்? ஆதலின், விமானத்திற் குறை கண்டவன் அதனைச் சொல்லுக. விலை மிகையென்று கண்டவன் வாங்காதொழிக. தன் பங்கை விற்று விலகுக. பிறர் வீழ்ச்சியை வேண்டிநிற்கும் ஊதியம் சிவநேயர்க்கு வேண்டுவதன்று.