இரண்டாவது கிற்றார்

ஒருவன் தன் உயிர்போற் பேணிவரும் கிற்றார் ஒன்றை வைத்திருக்கின்றான். பல ஆண்டு உழைப்பின் சேமிப்பைக் கொடுத்து வாங்கியதாகவோ, தந்தையின் கைப்பட்டு வந்ததாகவோ அது இருக்கலாம். பேருந்துப் பயணத்துக்கும், கடற்கரைக் கூட்டத்துக்கும், சிறுவர் கைக்கும் அதனைக் கொடுக்க அவன் மனம் ஒப்புவதில்லை. எனவே மலிந்த விலையில் இன்னொரு கிற்றாரை வாங்குகின்றான். வெயிலும் மழையும் கீறலும் இரண்டாவதற்கு. பெட்டியும் பட்டுத்துணியும் முதலாவதற்கு. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது, இது வெறும் உலகியல் விவேகந்தானே என்று பலரும் கேட்பர். விவேகந்தான். ஆயினும், ஒன்றைக் காப்பதற்கென்று இன்னொன்றைத் தேயவிடும் ஏற்பாடு எங்கெல்லாம் காணப்படுகின்றதோ, அங்கெல்லாம் எதற்காகக் காக்கின்றோம், யாருக்காகக் காக்கின்றோம் என்ற வினாக்களை எழுப்புவது நம் கடமையாகும்.

முதலில் விவேகத்தின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நல்ல கிற்றாரின் முகப்புப் பலகை ஸ்புறூஸ் போன்ற மரத்தின் முழுப்பலகையால், சில மில்லிமீற்றர் தடிப்பிலே செய்யப்படுவது. உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு அதனை ஓயாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. காற்றின் ஈரப்பதன் 45 முதல் 55 வீதம் வரை இருப்பதே அதற்கு உகந்தது. வறட்சியில் பலகை வெடிக்கும். மிகுந்த ஈரத்தில் வீங்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துள் பசை இளகும். மலிவான கிற்றாரோ பெரும்பாலும் மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகையால் ஆனது. நாதத்தில் அது தாழ்ந்திருக்கலாம். ஆனால் காலநிலை மாற்றங்களை அது எளிதிலே தாங்கிக்கொள்ளும். மேலும், பழைய உயர்தரக் கிற்றார்கள் பலவற்றுக்கு உடலாகிய பிரேசில் நாட்டு ரோஸ்வூட் மரம் அழிந்துவரும் இனமாகக் கணிக்கப்பட்டு, 1992 முதல் அதன் சர்வதேச வணிகம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வெட்டிய மரம் மீள்வதில்லை. அதனை இழைத்த கைகளின் உழைப்பும் மீள்வதில்லை. ஆகவே அத்தகைய கருவியைப் பேணுதல் செல்வச் செருக்கு அன்று. உழைப்புக்கும் இயற்கைக்கும் செய்யும் மரியாதை எனலாம். உழவன் விதைநெல்லை வேறாக எடுத்து வைப்பதும் இத்தகையதே.

ஆனால் விதைநெல் விதைப்பதற்காகவே காக்கப்படுகின்றது. இதனை மறக்குமிடத்துப் பேணுதல் வழிபாடாகத் திரிந்துவிடுகின்றது. இத்தாலியின் கிரெமோனா நகரத்துக் கைவினைஞர் ஸ்ராடிவாரி 1716இல் செய்த வயலின் ஒன்று, இன்று ஒக்ஸ்போட்டில் உள்ள அஷ்மோலியன் நூதனசாலையின் கண்ணாடிப் பேழையுள் இருக்கின்றது. 'மெசாயா' என்பது அதன் பெயர். எந்நேரமும் வரும் வரும் என்று சொல்லப்பட்டும் வராத ஒன்று என்ற ஏளனத்திலிருந்தே அப்பெயர் பிறந்ததென்பர். வாசிக்கப்பட்டது மிக அரிது என்பதனாலேயே அது புத்தம்புதிது போல விளங்குகின்றது. புத்தம்புதிது போல விளங்குவதனாலேயே அதன் பெருமையும் ஓங்குகின்றது. இங்கே பயன்மதிப்பு முற்றாக ஒதுங்கிவிட, அருமையும் விலையுமே எஞ்சி நிற்கின்றன. ஆய்வாளருக்கு அதனால் நன்மையுண்டு. பழைய தொழில்நுட்பத்தின் சான்று அது. ஆயினும் பாடுவதற்கென்று பிறந்த ஒன்று, பாடாதிருந்தமையாற் போற்றப்படும் முரண்பாட்டை நாம் கவனியாது விட முடியாது.

இம்முரண்பாட்டை நம் இலக்கியம் பண்டே கண்டிருக்கின்றது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டை நினைவுகூர்க. பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய்பூசிக் காவலுடைய மனையில் வீற்றிருக்கும் படைக்கலங்களை அவர் புகழ்வதுபோலப் புகழ்கின்றார். அதியமானின் வேல்களோ நுனியும் விளிம்பும் சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையிலே கிடக்கின்றன என்கின்றார். எந்தப் படை உயர்ந்ததென்பதைக் கேட்போர் உணர்ந்துகொள்வர். பழுது ஓர் இழிவன்று, பயன்பட்டதன் அடையாளம்.

இதற்கு நேர்நின்ற உதாரணம் அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிற்றார். 1969இல் அவர் வாங்கிய மாட்டின் கொம்பனிக் கருவி அது. விரலால் மீட்டுவதற்கென அமைந்தது. அவரோ மீட்டுதகடு கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதனை மீட்டிவந்தார். முகப்புப் பலகை தேய்ந்து தேய்ந்து, நாதத்துளையின் அருகே இன்னொரு துளையே விழுந்துவிட்டது. ஆயினும் அதற்குப் பதிலாக வேறொன்றை மேடையில் ஏற்றி, அதனைப் பெட்டியில் உறங்கவிட அவர் எண்ணவில்லை. தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு காலந்தோறும் பழுதுபார்த்து, மீண்டும் மேடைக்கே கொண்டுவந்தார். ஔவை கண்ட கொல்லன் பட்டறை இங்கேயும் இருக்கின்றது.

பி. பி. கிங்கின் கதை வேறோர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. 1949இல் ஆர்கன்சோ மாநிலத்தில் ருவிஸ்ற் என்ற சிற்றூரின் நடனசாலையொன்று தீப்பற்றியபோது, வெளியே ஓடிவந்த அவர் உள்ளே விட்டுவந்த கிற்றாருக்காகத் திரும்பவும் தீயுள் நுழைந்தார். தீ விபத்துக்குக் காரணமான சண்டை 'லூசீல்' என்ற பெண்ணின் பொருட்டு நிகழ்ந்ததென அறிந்து, இனி இத்தகைய மடமை செய்யேன் என்பதை நினைவூட்டுமாறு கிற்றாருக்கு அப்பெயரையே இட்டார். அதன்பின் அவர் கையில் வந்த கிற்றார்கள் பல. பெயர் மட்டும் லூசீல்தான். எனவே அவர் போற்றியது குறித்த ஒரு மரத்துண்டை அன்று. தமக்கும் தம் தொழிலுக்கும் இடையிலான உறவையே. உறவு நிலைக்குமாயின் இரண்டாவது கருவியும் மூன்றாவது கருவியும் அந்தப் பெயருக்கு உரியனவே.

அவ்வாறாயின் இரண்டாவது கிற்றாரை வாங்குதல் தவறா? அன்று. பகனினி தம் குவார்னேரி வயலினை ஜெனோவா நகர மக்களுக்கு விட்டுச் சென்றார். 1743இல் செய்யப்பட்ட அக்கருவியை அந்நகரம் காவலில் வைத்திருப்பினும், தக்க வேளைகளில் இசைஞர் கையிற் கொடுத்து ஒலிக்கச் செய்கின்றது. பரிசைச் சேர்ந்த வுய்யோம் என்ற கைவினைஞர் 1830களில் அதனைப் பார்த்து இன்னொன்று செய்தார். அது பகனினியின் மாணவர் சிவோரியின் கையை அடைந்து மேடைகளில் முழங்கிற்று. ஒரு கருவி இரண்டானபோது இசையும் இரண்டு கைகளுக்குப் பரவியது. காவலும் பயனும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இனி, தேய்வதற்கென்று வாங்கப்படும் அந்த மலிவுக் கிற்றாரின் பக்கமிருந்தும் நோக்க வேண்டும். சீனாவின் குய்சோ மாகாணத்தில் செங்-ஆன் என்னும் மலைப்பிரதேசம் இருக்கின்றது. அங்கிருந்து வறுமையால் வெளியேறிய கிராமத்தவர் பலர் குவாங்டொங் மாகாணத்துக் கிற்றார்த் தொழிற்சாலைகளிலே வேலை பழகினர். 2013 முதல் செங்-ஆனிலேயே கிற்றார்த் தொழிற்பேட்டை உருவாக, அவர்களுட் பலர் ஊர் திரும்பினர். உலகெங்கும் விற்கப்படும் மலிவுக் கிற்றார்களிற் பெருந்தொகையானவை அத்தகைய கைகளிலிருந்தே வருகின்றன. விலை குறைந்ததனால் உழைப்பும் இழிந்ததாகிவிடுமா? கிரெமோனாக் கைவினைஞரின் பெயர் கருவியின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கின்றது. செங்-ஆன் தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. 'இது போனாற் போகட்டும்' என்று நாம் ஒன்றை அலட்சியமாக வீசும்போது, பெயரற்ற அந்த உழைப்பையே வீசுகின்றோம்.

இவ்வலட்சியத்தின் சமுதாய வடிவத்தை நம் மண்ணிலேயே கண்டிருக்கின்றோம். யாழ்ப்பாணத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று போத்தல்களும் தகரப்பேணிகளும் வேறாக இருந்தன. 'நல்ல' குவளைகள் 'நல்லவர்'களுக்கெனக் காக்கப்பட்டன. 1957இன் சட்டத்தாலும் ஒழியாத அவ்வழக்கத்தை எதிர்த்து, 1966இல் எழுந்த வெகுசனப் போராட்டங்கள் தேநீர்க்கடை வாயில்களிலேயே நிகழ்ந்தன. கிற்றாருக்கு மானமில்லை, மனிதருக்கு உண்டு. ஆகையால் இரண்டையும் ஒன்றெனக் கூறுவது அறியாமை. ஆனால் பொருள்களைத் தரம்பிரிக்கும் கை, எந்தக் கணத்தில் அவற்றைத் தொடும் மனிதரைத் தரம்பிரிக்கத் தொடங்குகின்றது என்பதை விழிப்புடன் நோக்க வேண்டும். முதலாவது கிற்றாரை மழையிலிருந்து காப்பது விவேகம். ஏழை மாணவனின் விரல்களிலிருந்து காப்பது அதுவன்று.

ஆசிரியர்களாகிய நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஆய்வுகூட அலுமாரியுள் பூட்டப்பட்ட நுணுக்குக்காட்டியையும், பதிவேட்டிற் குறையக்கூடாதென்ற அச்சத்தால் மாணவர் கைக்கு எட்டாத நூல்களையும், விழா நாளன்றி வெளிவராத இசைக்கருவிகளையும் நாம் அறிவோம். உடைந்தால் விளக்கம் கேட்பார்கள்; உபயோகப்படாதிருந்தால் எவரும் கேட்பதில்லை. உடைமையைக் கணக்கிடும் அமைப்பு பயனைக் கணக்கிடுவதில்லை என்பதே இதன் பொருள். பத்துப் பிள்ளைகளின் விரல்கள் பழகுவதற்கு ஒரு மலிவுக் கிற்றார் கிடைக்குமாயின், அது பூட்டிய பெட்டியுள் இருக்கும் அரிய கருவியிலும் மேலானது. பழகிய அப்பிள்ளைகளுள் ஒருவர் ஒருநாள் அந்த அரிய கருவியையும் கையிலெடுக்க வழி இருக்குமாயின், அதனைக் காத்து வைத்ததும் நியாயமானதே.

ஆகவே இரண்டாவது கிற்றாரை வாங்குபவனிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டே. அது வந்தபின் உன் வீட்டில் இசை கூடியதா, அல்லது பொருள் மட்டும் கூடியதா? நீ காத்துவைத்தது என்றேனும் ஒருவர் கையில் ஒலிக்குமா? இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை கூற இயலுமாயின் அவன் தாராளமாக வாங்கட்டும். வாங்கியதை மதிப்போடு மீட்டட்டும். தந்தி அறுந்தால் மாற்றட்டும், பலகை கீறினால் ஒட்டட்டும். இரண்டும் மனித உழைப்பின் மக்களே. ஒன்றை இளவரசியாகவும் மற்றதை ஏவற்பெண்ணாகவும் வளர்ப்பதை மரமும் தந்தியும் கேட்கவில்லை. நாம் வாழும் சமுதாயமே அதனை நமக்குக் கற்பித்திருக்கின்றது. கற்றதை மறக்கவும் நம்மால் முடியும்.